கோடையில் பாய்மரப் படகுப் பயணம்: கிரேக்கத்தில் எந்தக் கடற்பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

கிரேக்கத் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்ற வேண்டும் என்ற ஆசை பலருக்குச் சந்தோரினியின் படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. வெள்ளை வீடுகள், செங்குத்தான பாறை, கீழே நீலக் கடல் என்று அந்தப் படம் அழைக்கிறது. ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே இருப்பது பழைய எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். சில இடங்களில் அதன் ஆழம் 300 மீட்டரைத் தாண்டும். வாடகைப் படகில் இருக்கும் நங்கூரச் சங்கிலியின் நீளம் பெரும்பாலும் 50 மீட்டர் முதல் 80 மீட்டர் வரைதான் என்பதால், அங்கே நங்கூரமிட இடமே கிடைப்பதில்லை. தீவின் தெற்கில் உள்ள விலிகாடா என்ற சிறு துறைமுகத்தின் வாயில் மணல் சேர்ந்து ஆழம் குறையும். கோடையில் அங்கே இடமும் எளிதில் கிடைக்காது. அதற்கும் மேலாக, ஆகஸ்டு மாதத்தில் அங்கிருந்து வடக்கே திரும்பி வருவதற்குக் கடும் எதிர்க்காற்றில் இரண்டு மூன்று நாள் போராட வேண்டியிருக்கும்.

கடற்பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது காற்று, தூரம், இரவு தங்கும் இடம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகைப் பற்றிய கவலை கடைசியில் வந்தால் போதும், ஏனென்றால் கிரேக்கத்தில் அழகில்லாத கடற்கரையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மட்டுமே பயணம் செய்ய முடிகிற, ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களையும், தாயகத்திலிருந்து முதன்முறையாக இதற்கென்றே செல்வோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: படகில் யார் வருகிறார்கள் என்பதை எழுதி வையுங்கள்

படகைச் செலுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர், கடலில் வாந்தி எடுப்பவர் யார், நீந்தத் தெரியாதவர் உண்டா, சிறு பிள்ளைகளின் வயது என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். குழுவில் மிகத் திறமையானவரை வைத்துக் கடற்பகுதியைத் தீர்மானிப்பது தவறு. மிகவும் சிரமப்படக்கூடியவரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். நாற்பதடிப் படகு ஒன்று பலத்த காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நான்கு மணி நேரம் ஓடுவது, பாய் பிடிக்கத் தெரிந்த இருவருக்கு இன்பம். கீழ்த்தளத்தில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அது தண்டனை. அடுத்த ஆண்டும் அவர் மனமுவந்து வர வேண்டுமானால், இந்த ஆண்டின் காற்று அவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உரிமம் பற்றிய கேள்வியும் இங்கேயே தீர வேண்டும். கிரேக்கத்தில் மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க, பொறுப்பேற்கும் ஸ்கிப்பரிடம், அதாவது படகின் தலைவரிடம், அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இருக்க வேண்டும். உடன் செல்லும் இன்னொருவரும் உரிமம் வைத்திருக்க வேண்டும், அல்லது படகோட்டிய அனுபவம் உண்டென்று எழுத்தில் உறுதி தர வேண்டும். குரோவேஷியாவில் உரிமத்தோடு, கடலில் பிறரோடு பேச உதவும் வி.எச்.எஃப். வானொலியை இயக்குவதற்கான சான்றிதழையும் கேட்பார்கள். உரிமம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்கிப்பர் ஒருவரையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அவருக்கு ஓர் அறையும் மூன்று வேளை உணவும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதால், எட்டுப் பேருக்கான படகில் ஏழு பேருக்குத்தான் இடம் என்று கணக்கிட வேண்டும். உரிமம் இருந்தும் துணிவு போதாதவர்களுக்கு, பல படகுகள் ஒரு வழிகாட்டிப் படகின் பின்னே ஒன்றாகச் செல்லும் 'ஃப்ளோட்டில்லா' முறை நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: காற்றைப் படியுங்கள்

முழு முடிவும் இந்த ஒரு படியில்தான் தங்கியிருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிரேக்கத்தின் இரு பக்கங்களிலும் இரு வேறு கடல்கள் இருக்கின்றன. கிழக்கே ஏஜியன், மேற்கே அயோனியன். கோடையில் ஏஜியன் கடலை ஆள்வது மெல்டெமி என்ற வாடைக்காற்று. பால்கன் நிலப்பரப்பின் மேல் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும், துருக்கியின் அனத்தோலிய நிலப்பரப்பின் மேல் நிற்கும் தாழ்வழுத்தத்துக்கும் இடையே இந்தக் காற்று பிறக்கிறது. அந்தத் தாழ்வழுத்தம், வடமேற்கு இந்தியாவிலிருந்து பாகிஸ்தான், ஈரான் வழியாக மேற்கே நீளும் கோடைத் தாழ்வழுத்தத்தின் ஒரு முனை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் அமைப்பும் ஏஜியன் கடலில் பாயைக் கிழிக்கும் காற்றும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

மெல்டெமி ஜூன் மாதத்தில் தலைகாட்டி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சத்தை அடைந்து, செப்டம்பரில் தளரும். ஏஜியன் கடலின் வடக்கில் அது வடகிழக்கிலிருந்தும், நடுவில் நேர் வடக்கிலிருந்தும், ரோட்ஸ் தீவை ஒட்டிய தென்கிழக்கில் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 5, 6 என்பது அதற்கு வழக்கமான நிலை. 7 ஆவதும் அரிதல்ல. 5 என்றால் மணிக்கு 17 முதல் 21 கடல் மைல், 6 என்றால் 22 முதல் 27 கடல் மைல், 7 என்றால் 28 முதல் 33 கடல் மைல் வேகம். இதில் புதியவர்களை ஏமாற்றுவது வானம்தான். மேகம் ஒன்றும் இராது, வெயில் பளீரென்று அடிக்கும், காற்றழுத்தமானியிலும் பெரிய அசைவு தெரியாது. ஆனாலும் கடல் வெண்ணுரை பூத்துக் கிடக்கும். தொடங்கினால் மூன்று நாளும் வீசும், ஒரு வாரமும் வீசும். இரவிலும் ஓயாமல் வீசும் நாள்கள் உண்டு.

இன்னொரு விஷயத்தையும் வரைபடம் சொல்லாது. உயரமான தீவின் தென்பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று நினைத்து ஒதுங்கினால், மலை முகட்டைத் தாண்டி விழும் காற்று அங்கேதான் திடீர் வீச்சுகளாக இறங்கும். ஆண்ட்ரோஸ், தினோஸ், அமோர்கோஸ் ஆகிய தீவுகளின் தென்கரைகள் இதற்குப் பேர்போனவை. ஆண்ட்ரோஸுக்கும் எவியா தீவுக்கும் இடையிலான காஃபிரியாஸ் நீரிணையில் காற்றும் நீரோட்டமும் ஒருசேரத் தெற்கு நோக்கிப் பாய்வதால், எதிர்த் திசையில் செல்லும் சிறு படகுகள் அங்கே திணறும்.

அயோனியன் கடலின் நாள் முற்றிலும் வேறு. காலையில் கடல் எண்ணெய் வார்த்தாற்போல் அசையாமல் கிடக்கும். நண்பகலை ஒட்டி வடமேற்கிலிருந்து மெல்லக் காற்று எழும். உள்ளூரில் அதை மைஸ்ட்ரோ என்பார்கள். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு அது 3 அல்லது 4 என்ற அளவுக்கு வலுத்து, சில நாள்களில் 5ஐத் தொட்டு, பொழுது சாயும்போது அடங்கிவிடும். ஆகவே காலையில் நீந்திவிட்டு, மதிய உணவை முடித்துக்கொண்டு, பாயை விரித்து மூன்று மணி நேரம் ஓடி, மாலையில் அமைதியான துறையில் சேரலாம். குடும்பத்தோடு வரும் ஒருவர் விரும்பக்கூடிய கால அட்டவணையைக் காற்றே அங்கே போட்டுத் தருகிறது. விதிவிலக்குகளும் உண்டு. லெஃப்காடா தீவின் தெற்கிலுள்ள வசிலிக்கி விரிகுடாவில் பிற்பகல் காற்று மலையிலிருந்து இறங்கிக் கடுமையாக வீசுவதால், விண்ட்சர்ஃபிங் செய்வோர் அதைத் தேடி வருகிறார்கள். படகை நங்கூரமிட நினைப்போர் மாலை வரை காத்திருப்பது நல்லது.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது, ஏதென்ஸ் நகரை ஒட்டிய சரோனிக் வளைகுடா. மெல்டெமி அங்கும் வரும் என்றாலும், அட்டிகா நிலப்பகுதி அதைத் தடுத்துத் தணிப்பதால் வலுவும் குறைவு, அலையும் குறைவு.

மாதத்தையும் காற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஜூன் முற்பகுதியிலோ செப்டம்பரிலோ விடுப்பு கிடைக்குமானால், ஏஜியன் கடல் கூடுதல் பரிவு காட்டும். ஆனால் செப்டம்பர் பிற்பகுதியில் அயோனியன் பக்கம் இடியுடன் கூடிய புயல்கள் வரத் தொடங்கும். 2020 செப்டம்பரில் 'இயானோஸ்' என்ற புயல் கெஃபலோனியா, இத்தாக்கா, ஜாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியபோது, துறைகளில் கட்டியிருந்த பாய்மரப் படகுகள் பல மூழ்கின. அத்தகைய புயல் அரிது என்றாலும், செப்டம்பரில் செல்வோர் நாள்தோறும் வானிலை அறிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: தூரத்தைக் காற்றின் திசையோடு கணக்கிடுங்கள்

ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்; இனி மைல் என்று சொல்வதெல்லாம் கடல் மைலையே. நாற்பதடி வாடகைப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல் ஓடும். எனவே 20 கடல் மைல் என்பது நான்கு மணி நேரப் பயணம். குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு நாளைக்கு அதுவே மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு பின்காற்றுக்கும் பக்கக் காற்றுக்கும்தான் பொருந்தும். எதிர்க்காற்றில் படகு நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறும்போது, தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். 6 அளவுக் காற்றில் எழும் அலை வேகத்தையும் குறைக்கும். வரைபடத்தில் 25 மைல் என்று தெரிவது, கடலில் ஏழெட்டு மணி நேரமாக நீளும்.

ஏஜியன் கடலின் நடுவிலுள்ள சைக்லேட்ஸ் தீவுகளுக்குச் செல்வோர் அகப்பட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். ஏதென்ஸுக்குத் தெற்கே லாவ்ரியோவில் சனிக்கிழமை படகை எடுத்து, கியா, கித்னோஸ், பரோஸ் என்று பின்காற்றில் இறங்கும் முதல் மூன்று நாளும் படகு பறக்கும். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். புதன்கிழமை படகைத் திருப்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகை ஒப்படைக்க வேண்டும் என்ற கெடு, காற்று ஓயட்டும் என்று காத்திருக்க விடாது. வெளியே போகக்கூடாத நாளில் படகைக் கடலுக்குள் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கெடுதான். சைக்லேட்ஸ் போயே தீருவது என்று முடிவு செய்தவர்கள், காற்று தணிந்திருக்கும் தொடக்க நாள்களில் வடக்கே ஏறிவிட்டு, பிற்பாதியில் பின்காற்றில் இறங்கி, படகை எடுத்த தளத்துக்குத் திரும்பும்படி பாதையை அமைக்க வேண்டும். பரோஸ் போன்ற நடுத் தீவிலிருந்தே படகை எடுப்பதும், ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் ஒதுக்குவதும் நல்ல வழிகள். எதுவானாலும் காற்றுக்காகத் துறையிலேயே தங்க இரண்டு நாளை ஒதுக்கி வைக்காத திட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

அயோனியனின் தென்பாதியில் இந்தக் கவலை மிகக் குறைவு. லெஃப்காடாவிலிருந்து மெகனிசி, அங்கிருந்து காஸ்டோஸ் அல்லது கலமோஸ், பிறகு இத்தாக்காவின் கியோனி, கெஃபலோனியாவின் வடமுனையிலுள்ள ஃபிஸ்கார்டோ, மீண்டும் லெஃப்காடாவின் சிவோட்டா என்று ஒரு வட்டம் அடிக்கலாம். ஒவ்வொரு நாளும் ஓடும் தூரம் 10 மைல், 15 மைல் என்ற அளவிலேயே நிற்கும். லெஃப்காடாவே மேற்கு அலைகளைத் தடுத்துவிடுவதால், உள்கடல் ஏரிபோல் இருக்கும். வடபாதி அப்படியல்ல: கோர்ஃபு தீவின் குவியா மெரினா என்ற படகுத்துறையிலிருந்து பக்ஸோஸ் தீவின் காயோஸ் துறை சுமார் 30 மைல். முதன்முறை செல்வோர் கோர்ஃபுவைவிட லெஃப்காடாவையே தளமாகக் கொள்ளட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

சரோனிக் வளைகுடாவில் அலிமோஸ் மெரினாவிலிருந்து ஏகினா சுமார் 17 மைல். அங்கிருந்து போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ் என்று ஒவ்வொன்றும் அரைநாள் தூரம். பழைய எபிடாவ்ரோஸ் ஊரின் துறையில் படகைக் கட்டிவிட்டு, வாடகைக் காரில் பண்டைய பெரும் திறந்தவெளி அரங்கத்தைப் பார்த்து வரலாம். வரலாற்றில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே சரோனிக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காம் படி: இரவில் படகை எங்கே கட்டுவது

மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. பெரும்பாலான இடங்களில் நீர்மட்டம் ஒரு முழத்துக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. பிரான்ஸின் சான் மாலோ துறையில் பெரும் ஓத நாள்களில் நீர் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால், கிரேக்கத்தில் ஓதக் கணக்கே தேவையில்லை எனலாம். புதியவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் படகைக் கட்டும் முறை பழக வேண்டிய ஒன்று. துறைச் சுவரிலிருந்து 40, 50 மீட்டர் தள்ளி, படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்பக்கத்திலிருந்து, நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, அமரத்தை, அதாவது பின்பக்கத்தை, சுவரருகே கொண்டுவந்து இரண்டு கயிறுகளால் கட்ட வேண்டும். பக்கத்துப் படகுகள் இரண்டுக்கும் நடுவில், குறுக்குக் காற்றில், சுவரில் காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இதைச் செய்வதற்கு நிதானம் வேண்டும். நங்கூரத்தைச் சுவருக்கு மிக அருகில் இறக்குவதும், சங்கிலி இறுகும்வரை எஞ்சினால் இழுத்துப் பாராமல் விடுவதும், இரவில் காற்று மாறும்போது படகைச் சுவரில் மோத வைக்கும்.

துறையின் அளவும் இங்கே முக்கியம். ஹைட்ரா மிக அழகான ஊர். குப்பை வண்டி போன்ற சிலவற்றைத் தவிர மோட்டார் வாகனங்களே இல்லாத தீவு. ஆனால் அதன் துறை சிறிது. எதிரெதிர்ச் சுவர்களிலிருந்தும், ஒன்றன்முன் ஒன்றாக இரண்டு மூன்று வரிசைகளிலும் படகுகள் நங்கூரமிடுவதால், அடியில் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். காலையில் ஒருவர் நங்கூரத்தைத் தூக்கினால், பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து மேலே வரும். அதைக் கயிற்றால் தாங்கிப் பிடித்து விடுவிக்கக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே அங்கே நண்பகலுக்கு முன்பே போய்ச் சேரலாம், அல்லது எதிரே நிலப்பரப்பிலுள்ள எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டுப் பயணிகள் படகில் ஹைட்ராவுக்குப் போய் வரலாம். இரண்டாவதே எனக்குப் பிடித்த வழி.

ஒரு பகுதியை மதிப்பிடும்போது, பாதையின் ஒவ்வொரு துறைக்கும் மாற்றாக, வேறு திசைக் காற்றுக்கு மறைவான இன்னொரு துறை 5 மைலுக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தென் அயோனியனில் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் இருக்கும். சைக்லேட்ஸில் பல இடங்களுக்கு இராது. ஆகஸ்டு மாதத்துக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆகஸ்டு 15 கிரேக்கத்திலும் இத்தாலியிலும் பெரிய விடுமுறை. அந்த நாளை ஒட்டிய இரண்டு வாரமும் இத்தாலியப் படகுகள் அயோனியனை நிறைத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு ஃபிஸ்கார்டோ போன்ற துறைகளில் சுவரோரம் இடம் கிடைப்பது கடினம்.

ஐந்தாம் படி: அண்டை நாடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கிரேக்கம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, குரோவேஷியாவின் டால்மேஷியக் கரை நல்ல மாற்று. ஸ்பிளிட், ட்ரோகிர் நகரங்களிலிருந்து பிராச், ஹ்வார், விஸ் தீவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கோடைப் பிற்பகலில் வீசும் மாயெஸ்ட்ரால் காற்றும், அயோனியன் காற்றைப் போலவே இணக்கமானது. மெரினாக்களில் தண்ணீர், மின்சாரம், குளியலறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்கேற்ற கட்டணமும் இருக்கும். மலையிலிருந்து திடீரென இறங்கும் பூரா என்ற வடகிழக்குக் காற்று கோடையில் குறைவு என்றாலும், அறிவிப்பு வந்தால் அன்று துறையை விட்டு நகரக்கூடாது.

துருக்கியில் கோசெக், ஃபெத்தியே பக்கம் பைன் மரங்கள் சூழ்ந்த விரிகுடாக்கள் ஏராளம். உணவகங்களே மரப் பாலம் கட்டி, சாப்பிட வருவோரின் படகுகளுக்கு இடம் தருகின்றன. ஜூலை, ஆகஸ்டில் வெயில் மிகக் கடுமை. எதிரே கண்ணுக்குத் தெரியும் கிரேக்கத் தீவுக்குப் போவதானாலும் அது நாட்டு எல்லை. இரு பக்கமும் குடியேற்ற, சுங்க நடைமுறைகளை அதற்கான துறைமுகங்களில் முடித்தாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு விசாவும் தனித்தனி. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருப்பதால், கிரேக்கத்துக்கும் அதற்கும் ஒரே வகை விசா போதும்.

ஆறாம் படி: முடிவெடுத்துப் பதிவு செய்யுங்கள்

சிறு பிள்ளைகளோ முதன்முறை வருவோரோ உள்ள குழு, ஜூலை அல்லது ஆகஸ்டில் செல்வதானால், தென் அயோனியனைத் தேர்ந்தெடுக்கட்டும். ஐந்தாறு நாளே விடுப்பு உள்ளவர்களுக்கும், ஏதென்ஸையும் பார்க்க விரும்புவோருக்கும் சரோனிக். பாய் சுருக்கவும் எதிர்க்காற்றில் ஓட்டவும் நன்கு தெரிந்த நான்கு பேராவது உள்ள குழுவுக்கு சைக்லேட்ஸ்; அதுவும் ஜூனிலோ செப்டம்பரிலோ போனால் அந்தக் கடலின் முழு இன்பமும் கிடைக்கும்.

லெஃப்காடாவுக்கு அருகிலுள்ள விமான நிலையம் நிலப்பரப்பில் பிரெவேசா பக்கத்து ஆக்டியோ. அங்கிருந்து காரில் அரை மணி நேரத்தில் படகை அடையலாம். லண்டன் போன்ற சில நகரங்களிலிருந்து கோடையில் நேரடி விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருவோர்க்கு ஏதென்ஸ் வழியே எளிது என்பதால், அவர்களுக்குச் சரோனிக்கின் மதிப்பு ஒரு படி கூடுகிறது.

படகை வாடகைக்கு விடும் நிறுவனத்திடம் பணம் கட்டுமுன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நங்கூரச் சங்கிலியின் நீளம் எத்தனை மீட்டர், பிணைத்தொகை எவ்வளவு, அதைக் குறைக்கும் காப்பீடு எதை ஈடு செய்யாது, சிறுவர்களுக்கான மிதவை அங்கிகள் எந்தெந்த அளவில் உள்ளன, பலத்த காற்றால் திரும்ப முடியாமல் போனால் தாமதத்துக்கு என்ன ஏற்பாடு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனிக்கிழமை காலை முடியும். வெள்ளிக்கிழமை மாலையே படகு தளத்தில் இருக்க வேண்டும் என்பதும் பொதுவான நிபந்தனை. எனவே வியாழக்கிழமை இரவுத் தங்கலைத் தளத்திலிருந்து 10 மைலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எல்லாப் படகுகளும் டீசல் நிரப்ப ஒரே நேரத்தில் வரும் என்பதால், நண்பகலுக்குள் எரிபொருள் துறையை அடைந்துவிட்டால் மாலை முழுவதும் உங்களுடையது.